'ஆன் தி ரன்' மேல் ஏன் இவ்வளவு கோபம்?

பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் இசைக்குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பம் பற்றிப் பேச்சு வந்தாலே போதும், அதில் இருக்கும் பாட்டுகளிலேயே மட்டம் 'ஆன் தி ரன்'தான் என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். வரிகளே இல்லையாம், வெறும் சத்தமாம். எரிச்சலாக வருகிறது. 1973-இல் வந்த ஆல்பம். இந்தப் பாட்டுக்காகச் சின்ன சிந்தசைசர் (மின்னணு இசைக்கருவி) ஒன்றில் எட்டே சுரங்களை வாசித்து, அதை வேகமாகச் சுழலவிட்டு, மேலே ஓடும் காலடிச் சத்தத்தையும் சேர்த்திருக்கிறார்கள். கடைசியில் வெடிச்சத்தம். அது அடங்கும்போதே 'டைம்' பாட்டின் கடிகாரங்கள் டிக்டிக்கென்று தொடங்கிவிடும். முன்னால் அந்தப் பதற்றம் இல்லாவிட்டால் கடிகாரங்கள் அப்படித் தூக்கிப்போடுமா? சரி, உங்களுக்கு அதே ஆல்பத்தின் 'அஸ் அண்ட் தெம்' பாட்டுதான் உசத்தி என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்டுவிட்டு மதிப்பெண் போட மட்டும் வராதீர்கள். ஹெட்போன் மாட்டி, நடுவில் நிறுத்தாமல் ஒரு தடவையாவது முழுசாகக் கேளுங்களேன்.