வல்லோன்-போன்-தார்க்: ஒரே நாளில் முடியாது

தெற்கு பிரான்சின் இந்த ஊரைப் பற்றி ஒரு பயணக் கட்டுரை படித்தேன். ஆற்றின் மேல் நிற்கும் இயற்கைக் கல் வளைவு, குகை, படகுப் பயணம் மூன்றையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்கிறது அது. கால்தான் வலிக்கும், எதுவும் மனதில் நிற்காது. 1994-இல் கண்டுபிடித்த, ஆதிமனிதர் ஓவியங்கள் உள்ள ஷோவே குகைக்குள் பொதுமக்களுக்கு அனுமதியே இல்லை. நாம் பார்ப்பது 2015-இல் திறந்த நகல். நேரம் குறித்த டிக்கெட், அதை முதலில் எடுங்கள்.

ஆர்தேஷ் ஆற்றில் சேன்-மார்த்தேன் வரை 32 கி.மீ. துடுப்புப் போட வேண்டும். வளைவுக்குச் சற்று முன்னால் ஷார்ல்மான்யு என்ற பாய்ச்சல், தண்ணீர் பாறைகளுக்கு நடுவே வேகமாகச் சீறும் இடம். படகு குறுக்கே திரும்பினால் கவிழும், மூக்கை நீரோட்டத்தோடு நேராக வையுங்கள். வளைவைத் தாண்டிப் பள்ளத்தாக்குக்குள் போய்விட்டால் நடுவில் கரையேறிச் சாலைக்குப் போவது சுலபமில்லை. தாமதமாகக் கிளம்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். பள்ளத்தாக்கில் கூடாரம் போட்டு இரவு தங்க கோ, கூர்னியே என்ற இரண்டு இடம்தான், முன்பதிவு கட்டாயம். ரப்பர் செருப்பு வேண்டாம், கூழாங்கல்லில் கழன்று மிதந்து போய்விடும்.