டச்சு நாட்டுக்குச் சோறு போட்ட கப்பல்

டச்சுக் கப்பல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, பழவேற்காட்டுக்கும் நாகப்பட்டினத்துக்கும் பீரங்கிகளோடு வந்து நின்ற கிழக்கிந்தியக் கம்பெனியின் பெருங்கப்பல்தான். நெதர்லாந்திலும் அதற்கே மரியாதை. 1629இல் தன் முதல் பயணத்திலேயே ஆஸ்திரேலியக் கரையோரம் பாறையில் மோதி உடைந்த 'பட்டாவியா'வை லேலிஸ்டாட் நகரில் முழு அளவில் மீண்டும் கட்டி, 1995இல் நீரில் இறக்கினார்கள். இது எனக்கு நெடுநாள் மனக்குறை. அந்த நாட்டுக்கு உண்மையில் சோறு போட்டது 'ஃப்ளூட்' என்ற எளிய சரக்குக் கப்பல்.

1595 வாக்கில் ஹோர்ன் துறைமுகத்தில் உருவான ஃப்ளூட்டைப் பழைய செதுக்கோவியங்களில் பின்புறமிருந்து பார்த்தால், வயிறு உப்பி, பக்கங்கள் உள்ளே சாய்ந்து, மேல்தளம் ஒடுங்கி, ஒரு பேரிக்காயைப் போலத் தெரியும். பால்டிக் கடலின் வாசலான ஓரசுண்ட் நீரிணையில் டென்மார்க் தள அகலத்தையும் பார்த்துச் சுங்கம் விதித்ததால்தான் இந்த வடிவம் என்று பலர் எழுதுகிறார்கள். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது, அதைக் கட்டிய தச்சர்களுக்குச் செய்யும் அநீதி. பாய்களைச் சிறிதாக்கி, கயிறுகளைக் கப்பிகள் வழியே ஓடவிட்டு, சில கைகள் இழுத்தாலே பாய் ஏறும்படி அவர்கள் அமைத்ததால், பத்துப் பன்னிரண்டு பேரே ஒரு கப்பலை நடத்த முடிந்தது. அதே அளவுள்ள ஆங்கிலக் கப்பலுக்கு ஏறத்தாழ இருமடங்கு ஆட்கள் வேண்டியிருந்தது. பீரங்கிகள் இல்லை அல்லது மிகக் குறைவு என்பதால், அந்த இடமும் சரக்குக்கே கிடைத்தது. கொள்ளையர் மலிந்த கடல்களுக்கு இது பொருந்தாது. பால்டிக் கடலுக்குப் பொருந்தியது.

டான்சிக்கிலிருந்து (இன்றைய போலந்தின் க்டான்ஸ்க்) கோதுமை போன்ற ரை தானியமும், நார்வேயிலிருந்து மரமும் இதில்தான் வந்தன. கொர்னேலிஸ் கொர்னேலிஸோன் 1594இல் அமைத்த காற்றாலை மர அறுவை முறை ஸான் ஆற்றுப் பகுதியில் பரவியபின், ஃப்ளூட் ஏற்றிவந்த மரத்தைக் காற்றே அறுத்துக் கொடுக்க, அதிலிருந்து அடுத்த ஃப்ளூட்டைக் கட்டினார்கள். கூலியும் குறைந்தது, சரக்குக் கட்டணமும் குறைந்தது. இந்தப் பால்டிக் வணிகத்தையே டச்சுக்காரர்கள் 'தாய் வணிகம்' என்றார்கள். மிளகையும் கிராம்பையும் அப்படி அழைக்கவில்லை.

2003இல், காணாமற்போன ஒரு ஸ்வீடன் விமானத்தைத் தேடியவர்கள், பால்டிக் கடலடியில் சுமார் 130 மீட்டர் ஆழத்தில் 17ஆம் நூற்றாண்டு ஃப்ளூட் ஒன்றைக் கண்டார்கள். உப்புக் குறைந்த அந்த நீரில் மரம் துளைக்கும் கப்பற்புழு வாழாததால், கீழ்ப் பாய்மரங்கள் இன்னும் நிமிர்ந்தே நிற்கின்றன.