வி-ஒன் தாண்டியும் நிறுத்திய அந்தக் கேப்டனைத் திட்டுபவர்களுக்கு

விமானம் புறப்படும் ஓட்டத்தில், பறக்காமல் நிறுத்திவிட்ட ஒரு கேப்டனைப் பற்றி முந்தாநாள் எழுதியிருந்தேன். வி-ஒன் என்பது ஓடுபாதையில் ஒரு வேக எல்லை; அதைத் தாண்டினால் நிறுத்துவது ஆபத்து. "வி-ஒன் தாண்டிய பிறகு நிறுத்தியவரின் உரிமத்தைப் பறித்திருக்க வேண்டும்" என்று அந்தப் பதிவின் கீழ் ஒரு தம்பி எழுதுகிறார். அதற்கு அத்தனை விருப்பக்குறிகள். இரண்டு நாளாக எனக்கு மனசு ஆறவில்லை.

2017 மார்ச் 8, மிச்சிகனின் வில்லோ ரன் விமான நிலையம். பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியோடு 116 பேர் இருந்த எம்டி-83 ரக விமானம். அன்றைய வி-ஒன் 139 நாட் (விமான வேகத்தின் அளவு). அதைத் தாண்டினால் நிறுத்தாதே, பறந்துவிடு என்பது எங்கள் பால பாடம். அந்தக் கேப்டனும் பறக்கத்தான் பார்த்தார். யோக்கை, அதாவது கையில் பிடித்து ஓட்டும் கட்டுப்பாட்டை, இழுத்தார், விமானத்தின் மூக்கு எழவில்லை. இன்னும் இழுத்தார், எழவில்லை. நிறுத்தினார். வேகம் 173 நாட் வரை போயிருந்தது. விமானம் ஓடுபாதையைத் தாண்டி, வேலியை உடைத்துக்கொண்டு போய் நின்றது. 116 பேரும் உயிரோடு இறங்கினார்கள்.

விமானத்தை நிலையத்தில் நிறுத்திவைத்திருந்தபோதே, பக்கத்து ஹேங்கரை (விமானக் கொட்டகையை) சுற்றிச் சுழன்றடித்த காற்றில் வலது எலிவேட்டர், அதாவது மூக்கை எழுப்ப வால் பக்கம் அசையும் பலகை, சிக்கிக்கொண்டிருந்தது. அந்த ரகத்தில் யோக் அசைப்பது சிறு தகடுகளை மட்டும்தான். எலிவேட்டரை நகர்த்துவது ஓட்டத்தில் வரும் காற்று. ஆகவே புறப்படும் முன் செய்யும் சோதனையில் கோளாறு தெரியாது. விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அவர் முடிவு சரி என்றது. பறக்காத விமானத்தை அவர் என்ன செய்திருக்க வேண்டும் தம்பி?

என் ஆத்திரம் பயிற்சியைப் பற்றியது. நான் பல வருடம் சிமுலேட்டரில் (தரையிலேயே பறப்பது போலப் பழக்கும் கருவியில்) விமானிகளைப் பயிற்றுவித்தவன். வி-ஒன் வேகத்தை நெருங்கும்போது இன்ஜின் பழுதாகும் என்று தெரிந்தே எல்லோரும் வந்து உட்காருவார்கள், விமானம் பக்கவாட்டில் திரும்பாமல் பிடிக்கும் ரட்டர் மிதியில் கால் தயாராக இருக்கும். தெரிந்து வருவது எதிர்பாராததா? ஒருநாள், சொல்லாமல், மூக்கு எழாத நிலையைக் கொடுத்தேன். நல்ல கேப்டன், அனுபவசாலி. இழுத்தார், இழுத்தார், முழு வேகத்தோடு ஓடுபாதை முடிந்தது. வெளியே வந்ததும், "பட்டியலில் இல்லாததை ஏன் கொடுத்தீர்கள்?" என்று கத்தினார். புகாரும் எழுதினார். மேலிடம் என்னைக் கூப்பிட்டு, இளையவர்கள் முன்னால் கண்டித்தது. அந்த அவமானம் இன்னும் உறுத்துகிறது.

"ஆளாளுக்குத் தோன்றியபோது நிறுத்தினால் என்னாகும்?" என்பீர்கள். எனக்கும் தெரியும். 2008 செப்டம்பரில் தென் கரோலினாவின் கொலம்பியாவில் லியர்ஜெட் 60 என்ற ஒரு சிறு ஜெட் விமானத்தின் டயர்கள் புறப்படும் ஓட்டத்தில் வெடித்தன. வி-ஒன் தாண்டி நிறுத்த முயன்றார்கள், நான்கு பேர் இறந்தார்கள். அங்கே தொடர்ந்து பறந்திருக்க வேண்டும். ஆனால் அந்த அறிக்கையையும் படியுங்கள். டயர் வெடிப்புக்கான பயிற்சித் தரம் போதாது என்பதையும் அதே வாரியம் ஒரு காரணமாக எழுதியிருக்கிறது. ஓரிடத்தில் நிறுத்தியது சரி, ஓரிடத்தில் தவறு, இரண்டு இடத்திலும் இன்ஜின் கோளாறு அல்ல. நாமோ சிமுலேட்டரில் இன்ஜினை மட்டுமே அணைத்து அணைத்துப் பழக்குகிறோம்.

செலவைப் பற்றிப் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சிமுலேட்டர் ஏற்கெனவே இருக்கிறது, ஆளும் உட்கார்ந்திருக்கிறார்.

தம்பி, அந்தக் கருத்தை நீக்கிவிடுங்கள். 116 வீடுகளில் அன்று இழவு விழவில்லை. அதைச் செய்தவரைக் குற்றவாளி என்று எழுத எப்படிக் கை வந்தது?

என் மேல் புகார் எழுதிய கேப்டன் இன்னும் பறந்துகொண்டிருக்கிறார். கண்டிப்புக்குப் பயந்து, அந்தப் பயிற்சியை அவருக்கு நான் இரண்டாம் முறை கொடுக்கவே இல்லை.