காண்டோ பள்ளி மழையில் கரையும் மண்சுவரன்று

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்க்கினா ஃபாசோவில், காண்டோ என்னும் ஊரிலுள்ள தொடக்கப்பள்ளி வெறும் மண்ணால் ஆனது, மழைக்குக் கரைந்துவிடும், மாணவர் பெருகினால் இடித்துத்தான் கட்ட வேண்டும் என்று ஒருவர் எழுதியிருப்பது சரியன்று.

2001இல் நிறைவடைந்த அப்பள்ளிக்காகக் கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கேரே பயன்படுத்தியவை, உள்ளூர்க் களிமண்ணோடு சிறிதளவு சிமெண்ட் கலந்து அச்சில் அழுத்திய கற்கள்; சுவர்களின் மேல் கான்கிரீட் விட்டங்களும் உண்டு. கூரை சுவர்களைத் தாண்டி வெகுதூரம் நீண்டிருப்பதால் மழைச்சாரல் அவற்றை எளிதில் அரிப்பதில்லை. அந்தத் தகரக் கூரையை, சாதாரணக் கட்டுமானக் கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த சட்டகத்தின் மீது, கற்கள் பரப்பிய உட்கூரைக்கு மேலே இடைவெளி விட்டுத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள்; அவ்விடைவெளியில் ஓடும் காற்று, தகரம் வாங்கிய வெப்பத்தை வகுப்பறைக்குள் இறங்கவிடாமல் வெளியே கொண்டுபோகிறது. அக்கட்டடத்தின் உயிர்நாடி இதுவே என்பது என் கருத்து.

இடிப்பது பற்றி: முதலில் இருந்த மூன்று வகுப்பறைகளும் இடையிடையே நிழல் கொண்ட திறந்தவெளிகளோடு ஒரே வரிசையில் அமைந்தவை. அவற்றில் இடம் போதாமற்போனபோது எதையும் இடிக்கவில்லை. 2008இல் பள்ளிக்குப் புதிய விரிவாக்கக் கட்டடம் எழுந்தது. முதற்கட்டடத்துக்கு ஊர்மக்களே கல் அறுத்து, தரையைத் திமிசு போட்டுப் பழகியிருந்ததால், அடுத்த கட்டடத்துக்கு வேண்டிய கைத்திறன் ஊரிலேயே இருந்தது.