கிசுகிசு போதும், கணக்கைக் காட்டுங்கள்

பழைய படம் ஒன்று உருவான விதத்தைச் சொல்லும் புத்தகம் கையில் கிடைத்தால் முன்னுரையைத் தள்ளிவிட்டு நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். ஆதாரக் குறிப்புகள் இருக்கின்றனவா? அவற்றில் தேதியிட்ட காகிதங்கள் எத்தனை, நாற்பது வருஷம் கழித்து எடுத்த பேட்டிகள் எத்தனை? பிறகு அந்தப் படத்தின் பேர்போன காட்சி எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடிப் புரட்டுங்கள். அதை எத்தனை நாள் எடுத்தார்கள், கேமரா எத்தனை தடவை இடம் மாறியது, முதல் முயற்சியில் எது சொதப்பியது? இந்த மூன்றில் இரண்டுக்காவது பதில் இல்லையென்றால் புத்தகத்தைக் கீழே வைத்துவிடலாம். நாயகனும் இயக்குநரும் முகம் பார்க்காமல் படம் முடித்த கதை எங்கே வேண்டுமானாலும் இலவசமாகக் கிடைக்கும்.

இந்தச் சோதனையில் அசராமல் தேறுவது அல்ஜீன் ஹார்மெட்ஸ் 1977இல் எழுதிய ‘தி மேக்கிங் ஆஃப் தி விசார்ட் ஆஃப் ஆஸ்’. அவர் துறை துறையாகப் போகிறார்: எழுத்து, இசை, இயக்குநர்கள், உடை, தந்திரக் காட்சி. படத்தில் வீட்டைத் தூக்கிப்போகும் அந்தச் சூறாவளியை எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். முதலில் ரப்பரில் ஒரு கூம்பு செய்தார்கள். பணம் செலவானதுதான் மிச்சம். ரப்பர் விறைப்பாக நின்றது, முறுக்கிக்கொள்ளவே இல்லை. பிறகு மஸ்லின் துணியில் 35 அடி நீளத்துக்கு ஒரு நீண்ட காலுறை மாதிரித் தைத்தார்கள். மேல்நுனி தளத்தின் கூரையடியில் ஓடும் கிரேனில், கீழ்நுனி தரையில் நகரும் வண்டியில். இரண்டையும் வெவ்வேறு திசையில் இழுத்தால் துணி நெளியும், மண்தூளை ஊதினால் விளிம்பு கலைந்து புயலாகும். சுழற்றிய வேகத்தில் துணி கிழிந்தது, அதனால் உள்ளே கம்பி கோத்துத் தைத்தார்கள். ரப்பர் ஏன் தோற்றது, துணி ஏன் ஜெயித்தது என்று சொல்லிவிடுகிறதே, அதற்குத்தான் காசு கொடுக்கிறோம்.

அதே படத்தின் தகர மனிதன் வேடம் விஷயமும் அப்படித்தான். முதலில் அந்த வேடத்துக்கு வந்த நடிகர் பட்டி எப்சன் விலகியது வம்புச் செய்தியாக வலம் வரும். நடந்தது, முகத்தில் பூசிய அலுமினியத் தூள் நுரையீரலுக்குள் போய் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தது. அடுத்து வந்த ஜாக் ஹேலிக்குத் தூளைக் குழைத்துப் பசையாகத் தடவினார்கள்.

இப்படி எழுத எது வேண்டும்? அன்றாடத் தயாரிப்பு அறிக்கை வேண்டும். படப்பிடிப்பில் நாள்தோறும் சாயங்காலம் நிரப்பப்படும் ஒரு தாள் அது. முதல் ஷாட் எத்தனை மணிக்கு, எத்தனை செட்டப் (கேமராவையும் விளக்கையும் புதிதாக இடம் மாற்றி வைப்பது), திரைக்கதையில் எத்தனை பக்கம் முடிந்தது (பக்கத்தை எட்டில் ஒரு பங்காகப் பிரித்து எண்ணுவார்கள்), எத்தனை அடி பிலிம் ஓடியது, தாமதத்துக்கு யார் காரணம், எல்லாம் அதில் இருக்கும். 35 மி.மீ. பிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும், ஆயிரம் அடிச் சுருள் 11 நிமிஷம். ஆகவே, ‘அன்று 3,600 அடி’ என்று ஒரு நூலாசிரியர் எழுதினால் 40 நிமிஷம் ஓட்டியிருக்கிறார்கள் என்று நீங்களே கணக்குப் போடலாம். அதில் படத்தில் மிஞ்சியது ஒன்றரை நிமிஷம் என்றால் இயக்குநர் எதையோ தேடிக்கொண்டிருந்தார், அல்லது எதுவோ உடைந்துகொண்டே இருந்தது. எது என்று புத்தகம் சொல்ல வேண்டும்.

‘சைக்கோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். குளியலறைக் கொலை, 1959 டிசம்பரில் ஏழு நாள். 45 விநாடிக்கு 70 கேமரா செட்டப் என்று இயக்குநர் ஹிட்ச்காக்கே பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் சொல்லியிருக்கிறார். படத்தின் மொத்தச் செலவு சுமார் 8 லட்சம் டாலர்தான், அவர் காலத்துக்கே அது சின்னத் தொகை. எப்படிக் கட்டுப்படியானது? தன் தொலைக்காட்சித் தொடரின் குழுவைக் கூட்டி வந்து மற்ற காட்சிகளை மளமளவென்று முடித்தார், மிச்சம் பிடித்த நாட்களை இந்த ஓர் இடத்தில் கொட்டினார். கறுப்பு வெள்ளை என்பதால் ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப் போதுமானதாக இருந்தது. ஸ்டீபன் ரெபெல்லோ 1990இல் எழுதிய புத்தகம் இதையெல்லாம் சொல்கிறது. அந்தக் காட்சியை இயக்கியதே தான்தான் என்று வடிவமைப்பாளர் சால் பாஸ் சொன்னதும், தளத்தில் இருந்தவர்கள் அதை மறுத்ததும் அதே நூலில் இருக்கின்றன. இரண்டு பேர் முரணாகப் பேசும்போது இரண்டையும் எதிரெதிரே வைக்கிறவரை நம்பலாம். சுவையான ஒன்றை மட்டும் பொறுக்குகிறவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

‘சிட்டிசன் கேன்’ விவகாரம் இன்னும் பெரிய பாடம். திரைக்கதையில் இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் பெயரும் ஹெர்மன் மேன்கீவிச் பெயரும் உண்டு. அது கிட்டத்தட்ட முழுக்க மேன்கீவிச்சுடையது என்று விமர்சகர் பாலின் கேல் 1971இல் எழுதினார். படிக்க அபாரமாக இருக்கும், அந்த நடை யாருக்கும் வராது. ஆய்வாளர் ராபர்ட் காரிங்கர் செய்தது சலிப்பான வேலை: படத்தைத் தயாரித்த ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவின் கோப்புகளில் உட்கார்ந்து, திரைக்கதையின் ஏழு வரைவுகளை வரிசையாக அடுக்கி, எந்தக் காட்சி எந்த வரைவில் நுழைந்தது, எதில் காணாமல் போனது என்று பார்த்தார். வெல்ஸின் கை பலமாகவே பட்டிருப்பது தெரிந்தது. 1985இல் வந்த அவர் நூலில் இன்னொன்றும் இருக்கிறது. கேனின் மனைவி சூசன் விஷம் குடித்துக் கிடக்கும் ஷாட்டில் முன்னே கண்ணாடி டம்ளர், நடுவே கட்டில், பின்னால் கதவு. ஆழக் குவியத்துக்கு (கிட்டே இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒருசேரத் தெளிவாகத் தெரிவது) உதாரணமாக விமர்சகர்கள் காலங்காலமாகக் கொண்டாடிய ஷாட். உண்மையில் அது ஒரே தடவையில் எடுத்ததே அல்ல. பின்புலத்தை இருட்டாக்கி டம்ளரை மட்டும் எடுத்தார்கள், பிலிமைப் பின்னோக்கிச் சுற்றினார்கள், முன்புலத்தை இருட்டாக்கி, குவியம் மாற்றி, மீதியை அதே பிலிமில் பதித்தார்கள். காகிதத்தைப் பார்க்காமல் திரையை மட்டும் பார்த்து எழுதினால் பெரிய மேதைகளும் இப்படித்தான் வழுக்குவார்கள்.

விளம்பரத் துறை அவிழ்த்துவிட்ட கதைகள் தனி ரகம். ‘காசாபிளாங்கா’வில் முதலில் ரொனால்ட் ரீகன்தான் நடிக்க இருந்தார் என்பது ஸ்டுடியோ பத்திரிகைகளுக்கு அனுப்பிய ஒரு துணுக்கு, அவ்வளவே. புத்தகத்துக்குப் புத்தகம் தாவி அது வரலாறாகிவிட்டது. படத்தின் கடைசி வசனமோ படப்பிடிப்பு முடிந்தபின் தயாரிப்பாளர் ஹால் வாலிஸ் எழுதி, நாயகன் போகார்ட்டை வரவழைத்துக் குரல் மட்டும் பதிவுசெய்தது. இதற்குத் தாள் உண்டு, அதற்கு இல்லை.

கூடவே இருந்து எழுதியவர்கள் விஷயத்தில் அளவுகோலைக் கொஞ்சம் தளர்த்தலாம். ஜான் ஹூஸ்டன் 1950இல் ‘தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்’ எடுத்தபோது பத்திரிகையாளர் லிலியன் ராஸ் பக்கத்திலேயே இருந்து எழுதிய ‘பிக்சர்’ 1952இல் வந்தது. முன்னோட்டக் காட்சியில் ஜனங்கள் சிரித்ததும், ஹூஸ்டன் அடுத்த படத்துக்காக ஆப்பிரிக்கா போன நேரத்தில் இங்கே கத்தரி விழுந்து படம் 69 நிமிஷமாகச் சுருங்கியதும் நடக்க நடக்கவே பதிவாகியிருக்கின்றன. ‘ஜாஸ்’ படத்துக்குத் திரைக்கதையில் பங்களித்த கார்ல் காட்லீப் எழுதியதும் உடனுக்குடன் வந்த நூல்தான். 55 நாள் திட்டம் 159 நாளாக நீண்டதற்கு இயந்திரச் சுறாவை உப்புத் தண்ணீர் அரித்தது ஒரு காரணம். திறந்த கடலில் அடிவானத்தில் யாரோ ஒருவருடைய பாய்மரப் படகு மிதந்தாலே ஷாட் கெட்டுவிடும், அது விலகும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஆனால் ஒன்று: சம்பளம் வாங்கியவர் எழுதினால் அவர் துறையின் தவறு மட்டும் சிறுத்துத் தெரியும்.

இயக்குநர்களின் நினைவுக் குறிப்பில் தேதியை நம்பாதீர்கள், காரணத்தை நம்புங்கள். ‘பதேர் பாஞ்சாலி’க்காக நாணல் பூக்களில் பாதிக் காட்சியை எடுத்துவிட்டு மறுவாரம் போனால் மாடுகள் பூவை மேய்ந்துவிட்டிருந்தன, அடுத்த பருவம்வரை காத்திருந்தோம் என்கிறார் சத்யஜித் ராய். அவருடைய ‘மை இயர்ஸ் வித் அப்பு’வே திருத்திய பிரதி களவு போய், முதல் வரைவிலிருந்து அவர் மனைவி பிஜோயா மீட்டெடுத்த புத்தகம். ஆகவே வரிக்கு வரி சாட்சியமாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

பண விஷயத்தில் பெரும்பாலான புத்தகங்கள் கோட்டை விடுகின்றன. தியேட்டரில் வசூலான முழுத்தொகை வேறு, தியேட்டர்காரர் பங்கு போக விநியோகஸ்தருக்கு வந்தது வேறு. இரண்டையும் கலந்தடித்து ‘லாபம்’ என்பார்கள். ‘விசார்ட் ஆஃப் ஆஸ்’ எடுக்க 27 லட்சம் டாலருக்கு மேல் ஆனது, முதல் வெளியீட்டில் சுமார் 30 லட்சம் திரும்பியது. தியேட்டர்களுக்கு அனுப்பும் பிரதிகளின் (பிரிண்ட்) செலவும் விளம்பரமும் சேர்த்தபின் ஸ்டுடியோ ஏட்டில் நஷ்டம் 11 லட்சம். முதலிரண்டு எண்ணை மட்டும் கொடுக்கிற ஆசிரியர் உங்களைத் தப்பான முடிவுக்கு அனுப்பிவிடுவார்.

படங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் இருப்பது ஸ்டில் போட்டோகிராபர் எடுத்ததா, பிலிமிலிருந்தே பெரிதாக்கிய ஃபிரேமா என்று கவனியுங்கள். ஸ்டில் கூர்மையாக, அசைவில்லாமல், பெரும்பாலும் கேமராவுக்குப் பக்கத்துக் கோணத்தில் இருக்கும். ஷாட் முடிந்தபின் நடிகர்களை நிறுத்தி எடுத்ததாகவும் இருக்கலாம். ஃபிரேமில் மணல் மணலாகத் தெரியும், கை அசைந்திருந்தால் கலங்கியிருக்கும். ஸ்டில்லை வைத்து ஒளியமைப்பை அலசும் அத்தியாயத்தை அப்படியே தாண்டிவிடலாம். அச்சான திரைக்கதையிலும் இதே பொறி உண்டு: பல, முடிந்த படத்தைப் பார்த்துப் பெயர்த்து எழுதியவை. வெட்டப்பட்ட காட்சி ஒன்றுகூட இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

ஒரே ஒரு புத்தகம் வாங்கத்தான் வசதி என்றால் நான் கை காட்டுவது ‘காட்ஃபாதர்’ படத்துக்காக அதன் இயக்குநர் கொப்போலா போட்டுவைத்த நோட்டு. 2016இல் அப்படியே அச்சாகியிருக்கிறது. நாவலின் பக்கங்களைப் பிரித்தெடுத்துப் பெரிய தாள்களில் ஒட்டி, ஓரமெல்லாம் கிறுக்கி, காட்சிக்குக் காட்சி ஐந்து தலைப்பில் குறிப்பு: சுருக்கம், காலம், காட்சிப்படிமமும் தொனியும், மையம், கடைசியாகப் ‘படுகுழிகள்’. அந்த ஐந்தாவதை மட்டும் முதலில் வரிசையாகப் படித்துவிட்டு, பிறகு படத்தைப் போட்டு, எந்தெந்தக் குழியை எப்படித் தாண்டினார் என்று காட்சிக்குக் காட்சி நிறுத்திப் பாருங்கள்.