வெட்டுற சாமானுக்கு விலையில்லை

(கோண்டாவிலில் ஒரு வீட்டு விறாந்தை. இளைப்பாறிய கிளாக்கர் தம்பிராசா மேசையில் துவாய் விரித்துக் கத்திகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார். அடுத்த வளவுப் பூமணி கடகத்தோடு வருகிறார்.)

பூமணி: அண்ணை, ஒரு கத்தி தாங்கோ. கனடாவில இருந்து வந்த பேரப்பிள்ளையளுக்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வெட்டவேணும். சூப்பித் தின்னுங்கோ எண்டா முள்ளுக்கரண்டி கேக்குதுகள்.

தம்பிராசா: உம்மட கத்தி எங்க?

பூமணி: சந்தையடியில சாணை பிடிக்கக் குடுத்தனான். அவன் நாளைக்கு, நாளைக்கு எண்டுறான்.

தம்பிராசா: எங்கட குசினிக் கத்தியோட பரிமளம் கோயிலுக்குப் போட்டா, அன்னதானத்துக்கு மரக்கறி வெட்ட. இப்ப வீட்டில கத்தியே இல்லை.

பூமணி: (மேசையைப் பார்த்து) அப்ப உது என்ன, அகப்பையளோ?

தம்பிராசா: உது கத்தியில்லைப் பூமணி. கலெக்சன்.

பூமணி: கலெக்சன் வெட்டாதோ?

தம்பிராசா: வெட்டும். ஆனா வெட்டக்கூடாது.

பூமணி: ஐயோ, இதென்ன அண்ணை, பொம்பிளையின்ர கால்! குதி உயர்ந்த சப்பாத்தும் போட்டிருக்கு!

தம்பிராசா: கையை எடும், கையை எடும். வேர்வை பட்டாக் கறள் பிடிக்கும். உது ஜேர்மனியில சோலிங்கன் எண்ட ஊரில செய்தது. கால்தான் பிடி. பின்பக்கத்தால நகத்தை வைச்சு இழுத்தா அலகு வரும். வெள்ளைக்காரன் எங்களை ஆண்ட காலத்துச் சாமான்.

பூமணி: பரிமளக்கா இதைக் கண்டவவோ?

தம்பிராசா: கண்டவ. சாமியறைப் பக்கம் கொண்டுவரக்கூடாது எண்டு சொல்லிப்போட்டா. அதால பென்சன் ஃபைலுக்கை வைச்சிருக்கிறன்.

பூமணி: மற்றக் கால்?

தம்பிராசா: இணையத்தில ஒண்டு விலைக்குக் கிடந்தது. மகனுக்குச் சொன்னன். விலையைப் பார்த்தவன், ‘அப்பா, லைன் சரியில்லை’ எண்டு ஃபோனை வைச்சிட்டான்.

பூமணி: இஞ்சத்தையான் சாமானுகளை எங்க பிடிக்கிறியள்?

தம்பிராசா: பழைய வீடுகள்ல. மலாயன் பென்சனியர்மார் இருந்தவையெல்லே? மலாயாவில றெயில்வேயிலயும் கந்தோர்களிலயும் வேலை செய்துபோட்டு, இஞ்ச வந்து கல்வீடு கட்டினவை. வரேக்கை றங்குப்பெட்டியில மணிக்கூடு, கைத்தடி, இங்கிலாந்தில ஷெஃபீல்ட் எண்ட ஊரில செய்த பேனாக்கத்தி எல்லாம் கொண்டு வந்தவை. இப்ப பேரப்பிள்ளையள் லண்டனில இருந்து வந்து, வீட்டை வித்துப்போட்டுப் பெட்டியை அப்பிடியே பழைய இரும்புக்காரனுக்குக் குடுக்குதுகள். நான் இரும்புக்காரனுக்கு முன்னம் போய் நிப்பன்.

பூமணி: செத்தவீடெண்டா நீங்கள் முதல் ஆளா வந்து நிக்கிறது அதுக்குத்தானோ? நாங்கள் உங்களை நல்ல மனிசன் எண்டெல்லே கதைக்கிறனாங்கள்.

தம்பிராசா: அழுறதுக்கும் போறனான்தான். சரி, இதைப் பாரும். வெள்ளி அலகு. 1913 இல ஷெஃபீல்டில ஹரி பிறியர்லி எண்ட ஆள் கறள் பிடியாத உருக்குச் செய்யுமட்டும், பழம் வெட்டினாக் கத்தி கறுத்துப்போம், பழமும் இரும்பு மணக்கும். அதால காசுக்காரர் வெள்ளி அலகு போட்ட மடக்குக்கத்தியைப் பொக்கற்றுக்கை கொண்டு திரிஞ்சவை. இந்தா, நடக்கிற சிங்கம் குத்திக் கிடக்கு, அது வெள்ளிதான் எண்டதுக்கு. பக்கத்தில கிரீடம், அது ஷெஃபீல்ட் முத்திரை.

பூமணி: அப்ப இது பழம் வெட்டவெண்டே செய்த கத்தி.

தம்பிராசா: ஓம்.

பூமணி: என்ர கடகத்துக்கை கிடக்கிறது பழம்.

தம்பிராசா: ஓம்.

பூமணி: பிறகென்ன?

தம்பிராசா: இது அப்பிளும் பெயாஸும் வெட்டின கத்தியெல்லே! உம்மட மாம்பழம் பிழிஞ்சா முழங்கை வரைக்கும் ஓடும். பிடியிலை இருக்கிறது முத்துச்சிப்பி. இடுக்குக்கை சாறு போனா ஆர் எடுக்கிறது?

பூமணி: சரி, அந்தச் சின்னது?

தம்பிராசா: ஆ, அதைக் கையில தாறன், ஆனா பாக்க மட்டும். அந்தப் பிடியில ஊசித்துவாரம் மாதிரி ஒண்டு தெரியுதோ? ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்துக்குப் பிடியும்.

பூமணி: (கண்ணைச் சுருக்கி) ஒராள் இருக்கிறார்! தாடியும் மீசையும். ஆர், உங்கட அப்பப்பாவோ?

தம்பிராசா: அடோல்ஃபஸ் புஷ். அந்தக் காலத்தில அமெரிக்காவில பெரிய பியர் முதலாளி. ஆக்களைச் சந்திச்சா விசிற்றிங் காட் குடுக்கமாட்டார், தன்ர படம் வைச்ச கத்தியைத்தான் குடுப்பார். குண்டூசித் தலையளவு படம், அதுக்கு முன்னால ஒரு பூதக்கண்ணாடித் துண்டு. உந்த வித்தைக்கு 1859 இலயே காப்புரிமை எடுத்தவர் பிரான்சில ரெனே டாக்ரோன்.

பூமணி: எங்கட அரசியல்காரர் படத்தைக் கலண்டரில போட்டுத்தான் தருகினம். வருசம் முடிய அதைக் கிழிச்சு அடுப்பெரிக்கலாம். இவரை என்ன செய்யிறது? அங்கால ஒண்டு ஏன் போத்தலுக்கை தனியக் கிடக்கு?

தம்பிராசா: அது செலுலோயிட் பிடி. யானைத்தந்தத்துக்குப் பதிலா வந்தது. முந்தின பிங்பொங் பந்தும் அதிலதான் செய்தவை. நெருப்புக் கண்டாக் குப்பெண்டு பத்தும். நாள்பட்டா அமில வாயு விடும். தானும் வெடிப்பு விழுந்து, பக்கத்தில கிடக்கிற கத்தியளுக்கும் கறள் ஏத்திப்போடும்.

பூமணி: அப்ப எங்கட சின்னமாமிதான். கலியாணவீட்டிலயும் அவவுக்குத் தனிக் கதிரை போடுறனாங்கள்.

தம்பிராசா: இதுகளென்ன! ஷெஃபீல்டில ஜோசப் றொட்ஜேர்ஸ் கொம்பனி 1822 ஆம் ஆண்டு ஒரு கத்தி செய்தது. எத்தனை அலகு தெரியுமோ? 1822! பிறகு வருசம் கூடக் கூட அலகையும் கூட்டிக்கொண்டு வந்தவை.

பூமணி: அது மாம்பழம் வெட்டுமோ?

தம்பிராசா: அதைத் தூக்கவே ஆள் வேணும்.

பூமணி: அவ்வளவு அலகிருந்தும் ஒரு மாம்பழம் வெட்டேலாது. அதைச் செய்தவைக்கும் ஒருத்தி வீட்டில சோறு காய்ச்சி வைச்சுக்கொண்டு பாத்திருந்திருப்பா.

தம்பிராசா: உமக்கு ரசனையில்லை. ஒரு கத்தியைப் பார்த்தா முதல்ல அலகின்ர அடியில முத்திரையைப் பார்க்கவேணும். 1890 இல அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டுச் சாமானில செய்த நாட்டின்ர பேர் இருக்கவேணுமாம். அதால நாட்டின்ர பேர் குத்திக் கிடந்தா, அநேகமா அதுக்குப் பிந்தினது எண்டு பிடிக்கலாம். இந்தா பூதக்கண்ணாடி. அந்தக் காலைப் பாரும், ஜேர்மனி எண்டு கிடக்கும்.

பூமணி: (கிட்டப் பிடித்து) கிடக்கு. ஆனா அதுக்கு முன்னால இன்னொரு சொல்லும் கிடக்கு. கறள் மூடினதில பாதிதான் தெரியுது. வெஸ்... வெஸ்ற்றேண். வெஸ்ற்றேண் ஜேர்மனி.

தம்பிராசா: எங்க? அது... அந்த நாட்டின்ர மேற்குப் பக்கத்தில செய்தது.

பூமணி: அண்ணை, என்ர தம்பி 85 இல கிழக்கு பேர்லினில இறங்கி மேற்கு ஜேர்மனிக்குப் போனவன். எனக்கோ சொல்லுறியள்? ஜேர்மனி ரண்டு நாடானது 1949 இல. வெள்ளைக்காரன் இஞ்ச இருந்து மூட்டை கட்டினது 48 இல. இந்தக் கால் வெள்ளைக்காரனைக் கண்ணாலயும் காணேல்லை.

தம்பிராசா: (கதிரையில் சாய்ந்து) ஆறாயிரம் குடுத்தனான் பூமணி.

பூமணி: பரிமளக்காவுக்கு எவ்வளவெண்டு சொன்னனீங்கள்?

தம்பிராசா: அறுநூறு.

பூமணி: அப்ப அறுநூறுதான் நட்டம். மனதை விடாதேங்கோ. காலைத் தாங்கோ, இனி வெட்டலாந்தானே. கறளை நான் புளியும் சாம்பலும் போட்டு, தும்பால தேய்ச்செடுக்கிறன்.

தம்பிராசா: புளியோ! விசரே உமக்கு? பழசின்ர மேல் நிறம் போனா விலையும் போச்சு. தையல் மெசின் எண்ணெய் தொட்ட துணியால மெல்ல ஒத்தவேணும், அவ்வளவுதான்.

பூமணி: அப்பிடியே? அப்ப ஆச்சியின்ர கிளிப் பாக்குவெட்டி தப்பிச்சுது. புளி போடுவம் எண்டுதான் இருந்தனான், பிறகு பஞ்சியில விட்டிட்டன்.

தம்பிராசா: (எழும்பி நின்று) கிளியோ?

பூமணி: ஓமண்ணை. மூடினாக் கிளி மாதிரி இருக்கும். ஒரு கண்ணில சிவப்புக் கல்லு, மற்றக் கண் விழுந்திட்டுது. செட்டையில பித்தளைக் கம்பி பதிச்சுக் கிடக்கு. குசினிக் கதவு காத்துக்கு அடிக்குதெண்டு அடை குடுத்து வைச்சிருக்கிறன்.

தம்பிராசா: கதவுக்கு அடையோ! லண்டன் விக்ரோறியா அல்பேட் மியூசியத்தில பாக்குவெட்டியெல்லாம் சேத்து வைச்சிருக்கிறாங்கள் தெரியுமோ? அது... அது வெட்டுமோ?

பூமணி: எங்க வெட்டுறது! ஆணி இறுகித் திறக்கவே மாட்டுது.

தம்பிராசா: முருகா! தேய்ச்சிராதேயும், எண்ணெய் விட்டிராதேயும், கதவைச் சாத்திராதேயும். ஆயிரம் ரூவா தாறன்.

பூமணி: ஆயிரமோ? மேற்கு ஜேர்மன்காரி ஒருத்தியின்ர ஒத்தைக் காலுக்கு ஆறாயிரம். எங்கட ஆச்சியின்ர முழுக் கிளிக்கு ஆயிரமோ?

தம்பிராசா: ரண்டு. அதுக்கு மேல பரிமளம் கணக்குக் கேப்பா.

பூமணி: அதில முத்திரையும் இல்லை, நாட்டின்ர பேரும் இல்லை. நீங்கள் சொன்ன சட்டப்படி அப்ப 1890க்கு முந்தினது.

தம்பிராசா: அந்தச் சட்டம் உம்மட ஆச்சிக்கில்லை! சரி, மூவாயிரம். அதோட சுன்னாகம் சந்தையில நல்ல புதுப் பாக்குவெட்டி ஒண்டும் வாங்கித் தாறன்.

பூமணி: புதுசு வெட்டுமோ?

தம்பிராசா: ஒரே அமத்தில கொட்டைப்பாக்கு ரண்டாப் போம்!

பூமணி: அப்ப அதை நீங்களே வைச்சிருங்கோ அண்ணை. வெட்டுற சாமானுக்கு என்ன விலை கிடக்கு?