பாலர் வரைபடத்துக்கு இவ்வளவு பச்சை எதற்கு?

வங்காளத்தை ஆண்ட பாலர் வம்சத்து தர்மபாலரின் பேரரசு என்று, வடமேற்குக் கோடியில் இன்றைய பாகிஸ்தான் பக்கமுள்ள காந்தாரத்திலிருந்து வங்காளம் வரை ஒரே பச்சையாகத் தீட்டிய அந்த வரைபடம் மறுபடியும் சுற்றுகிறது. நானும் ஒரு காலத்தில் நம்பியவன்தான், அப்புறம்தான் தர்மபாலரே வெளியிட்ட காலிம்பூர்ச் செப்பேட்டின் மொழிபெயர்ப்பு கைக்கு வந்தது. போஜர், மத்ஸ்யர், குரு, யது, அவந்தி, காந்தாரம் என்று ஒரு பட்டியல்; அந்த அரசர்கள் முடி தாழ்த்தி 'நன்று நன்று' என்க, பாஞ்சாலத்துப் பெரியவர்கள் பொற்குடம் ஏந்தி நிற்க, வட இந்தியாவின் அதிகார மையமான கன்னோசியில் தர்மபாலர் தன் ஆளுக்கு முடிசூட்டினார். சரி, வணங்கினார்கள். காந்தாரத்தில் இவர் வரி வாங்கினார் என்று அதில் எங்கே இருக்கிறது?

தக்காணத்தை ஆண்ட ராஷ்டிரகூடர் மூன்றாம் கோவிந்தன் வடக்கே படையெடுத்தபோது தர்மபாலரும் அவர் கன்னோசியில் உட்காரவைத்த சக்ராயுதனும் தாங்களாகவே வந்து பணிந்தார்கள் என்று ராஷ்டிரகூடர் செப்பேடு சொல்கிறது. அதற்காக வங்காளத்தை யாராவது ராஷ்டிரகூடர் வண்ணத்தில் தீட்டுகிறோமா? தர்மபாலரின் மகன் தேவபாலர் இமயம் முதல் ராமர் சேது வரை ஆண்டாராம், முங்கேர்ச் செப்பேடு சொல்கிறது. சேதுப் பக்கம் அப்போது இருந்தவர்கள் பாண்டியர்கள். கல்வெட்டுத் தொடக்கத்தில் அரசரைப் புகழும் மெய்க்கீர்த்தி படித்துப் பழகிய நமக்கு இந்த நடை புதிதா என்ன!

இவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. பெரிய மீன் சின்ன மீனை விழுங்குகிற கதையாகக் கிடந்த வங்காளத்தில், 750 வாக்கில், அந்த நிலையை முடிக்கவே தர்மபாலரின் தந்தை கோபாலரை அரசராக்கினார்கள் என்கிறது அதே காலிம்பூர்ச் செப்பேடு. அங்கிருந்து இரண்டே தலைமுறையில் கன்னோசி அரசியலைத் தீர்மானிக்கிற இடத்துக்கு வந்தது சாதாரணமா? பாடலிபுத்திரத்தில் கங்கைமேல் நின்ற படகுகள், சேது கட்ட மலைமுகடுகளை இறக்கிப் போட்டது போல இருந்தனவாம். வங்காளமும் பீகாரும்தான் இவர்களின் நிஜ பலம், வரைபடம் போடுகிறவர்கள் இந்த ஆற்றை விட்டுவிட்டு காந்தாரத்துக்கு ஓடுகிறார்கள்.

கடல் பக்கம் பாருங்கள். சுவர்ணத்வீபத்து (சுமத்ரா) அரசர் பாலபுத்ரதேவர் நாளந்தாவில் ஒரு பௌத்த விகாரை கட்டினார், அதன் செலவுக்கு அவர் கேட்டுக்கொண்டபடி தேவபாலர் 5 ஊர்களைக் கொடுத்தார். பின்னால் நாகப்பட்டினத்தில் அதே சுமத்ரா பக்கத்து ஸ்ரீவிஜய அரசர் கட்டிய சூடாமணி விகாரைக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்ததும் இதே மாதிரிதான். இந்தத் தொடர்பைக் காட்ட எந்தப் பச்சையும் போதாது, அதனாலேயே யாரும் காட்டுவதில்லை.

காலிம்பூரில் எனக்குப் பிடித்த இடம் வேறு. மாடு மேய்ப்பவர்கள், முற்றத்துச் சிறுவர்கள், கூண்டுக்கிளிகள் வரை தன் புகழைப் பாடக் கேட்டு தர்மபாலர் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். இந்தப் படத்தைப் பார்த்தால் மனிதர் எந்தப் பக்கம் திரும்புவாரோ!